பழைய சைக்கிளை ஃபிக்ஸ்ட் கியராக மாற்றி ஓட்டப் பழகுவது: திருகோணமலை வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஃபிக்ஸ்ட் கியர் சைக்கிளில் பிரீவீல், அதாவது மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் பின் பல்சக்கரம், கிடையாது. பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலை நிறுத்திக்கொண்டு சும்மா உருள முடியாது. பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் சக்கரம் வேகம் குறையும். விஷயம் இவ்வளவுதான், ஆனால் சைக்கிளில் நாம் பழகிய அத்தனையையும் இது மாற்றிவிடுகிறது.

திருகோணமலையில் இப்போது இளம் பிள்ளைகள் பலருக்கு இதில் ஆசை வந்திருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து என்னிடம் மாற்றித் தரச் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைசியில் யோசிக்க வேண்டியதை முதலில் செய்துவிட்டு வருகிறார்கள்: பிரேக்கைக் கழற்றுகிறார்கள், நிறம் அடிக்கிறார்கள், ஹாண்டிலை வெட்டுகிறார்கள். பின் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) மட்டும் பழையபடியே இருக்கும். கீழே உள்ள வரிசை அதைத் திருத்தத்தான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு அடித்தளம் என்பதால் இடையில் தாண்டாதீர்கள்.

1. வாங்கும் முன் அளவெடுங்கள்

முதலில் சாமான் வாங்கக்கூடாது. பிறேமை அளந்த பிறகுதான் எந்த ஹப் பொருந்தும், எந்த றிம் பொருந்தும் என்று தெரியும். இணையத்தில் பார்த்து வரவழைத்த சக்கரம் பிறேமுக்குள் போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

கருவிகளில் முக்கியமானவை: 15 மி.மீ. ஸ்பானர், லொக் றிங்கை (பின் பல்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையம்) பிடிக்கும் கொக்கி ஸ்பானர், பழைய செயின் துண்டு பொருத்திய நீளமான கைப்பிடி, செயின் பின்னைத் தள்ளும் கருவி, மில்லிமீட்டர் அளவுகோல், நல்ல கிறீஸ். கொக்கி ஸ்பானர் சாதாரணக் கடைகளில் லேசில் கிடைக்காது. அதற்குப் பதிலாகச் சுத்தியலும் உளியும் வைத்து லொக் றிங்கைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தட்டினால் வளையத்தின் வெட்டுகள் சிதையும், அடுத்த முறை கழற்றவும் இறுக்கவும் முடியாது. கருவி வந்து சேரும்வரை காத்திருங்கள்.

2. பிறேம்: பின் வெட்டைப் பாருங்கள்

பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் வெட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அது கிடையாக நீண்டிருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். மேலிருந்து கீழாகச் செங்குத்தாக இருந்தால் நகர்த்த இடமில்லை. கியர் சைக்கிள்களில் தொய்வை இழுத்துப் பிடிக்கும் சிறிய கையை இதில் வைக்கவும் முடியாது, ஏனென்றால் காலைப் பின்னுக்கு அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம்தான் இழுபடும். அந்தக் கை வளைந்து போகும்.

நம் ஊரில் ஓடும் லுமாலா, ராலே போன்ற பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் பெரும்பாலும் கிடையான வெட்டுத்தான். பழைய ரேசிங் சைக்கிள்களிலும் அப்படியே. புதிய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் செங்குத்து வெட்டு, அவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்து, இரண்டு பின் வெட்டுகளுக்கும் இடையிலான உள் அகலம். ஃபிக்ஸ்ட் கியர் ஹப்பின் வழக்கமான அகலம் 120 மி.மீ. ரோட்ஸ்டரில் ஏறத்தாழ 110 மி.மீ. இருக்கும், பழைய ரேசிங் சைக்கிளில் 120 அல்லது 126. 126 இருந்தால் இரண்டு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். 110 இருந்தால் இரும்புப் பிறேமை இரண்டு பக்கமும் சமமாக விரிக்கலாம், ஆனால் அதைப் பிறேம் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் சக்கரம் நடுவில் நிற்காது. அலுமினியப் பிறேமை விரிக்கவே கூடாது, வெடிக்கும்.

இறுதியாகத் துருவைப் பாருங்கள். கடலோர வீட்டு முற்றத்தில் பல வருடம் நின்ற சைக்கிள் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் சீற் குழாயின் அடியிலும் கிராங் அச்சு இருக்கும் கூட்டிலும் அரித்திருக்கும். சீற்றைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உதிரும் துரு இருந்தால் அந்தப் பிறேமில் பணம் போட வேண்டாம்.

3. பின் ஹப்: சமரசம் கூடாத இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சரியான ஃபிக்ஸ்ட் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். உள்ளே பெரிய மரையில் பல்சக்கரம் ஏறும். வெளியே சற்றுச் சிறிய மரையில் லொக் றிங் ஏறும். பல்சக்கரத்தின் மரை வழக்கமானது. லொக் றிங்கின் மரை எதிர்த்திசை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். முன்னுக்கு மிதிக்கும்போது பல்சக்கரம் தானாக இறுகுகிறது. பின்னுக்கு அழுத்தும்போது அது கழலப் பார்க்கும். கழல முயன்றால் லொக் றிங்கையும் சேர்த்துத் தள்ளும், எதிர் மரை என்பதால் அந்தத் தள்ளலே லொக் றிங்கை இறுக்கிவிடும். காலால் பிரேக் பிடிப்பதன் நம்பிக்கை முழுவதும் இந்த இரண்டு மரைகளில் இருக்கிறது.

சாதாரண பிரீவீல் ஹப்பில் இரண்டாவது மரை இல்லை. ஆனால் முதல் மரையின் அளவு ஒன்றேதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அதனால் ஃபிக்ஸ்ட் பல்சக்கரம் அதில் அழகாக ஏறி உட்காரும். இதுதான் பொறி. பசை ஊற்றி இறுக்கினால் போதும் என்பார்கள். கிராங் கூட்டின் வளையத்தைப் போட்டுப் பூட்டலாம் என்பார்கள், அந்த வளையமும் ஏறும். ஆனால் அதன் மரையும் பல்சக்கரத்தின் திசையிலேயே இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே கழலும். வேறு சிலர் பிரீவீலுக்குள்ளேயே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். சமதரையில் மெல்ல ஓடும்போது இவை எல்லாம் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸுக்குப் பின்னால் உயிரைக் கொடுத்துப் பின்னுக்கு அழுத்தும் அந்த ஒரு தடவை பல்சக்கரம் கழன்று சுழலும், காலில் எந்தத் தடையும் இருக்காது.

எனவே இரண்டு படி மரை உள்ள ஹப் வாங்குங்கள். அதற்குப் பணம் சேரும்வரை பிரீவீலோடு ஓடுங்கள். நான் யாருக்கும் இதில் விட்டுக்கொடுத்துச் செய்து கொடுப்பதில்லை.

ஹப்பை எந்த றிம்மில் கோப்பது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஃபிக்ஸ்ட் ஹப்கள் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைகளோடு வரும். பழைய ரோட்ஸ்டர்களில் வழக்கமாகப் பின் றிம்மில் 40 துளை, முன் றிம்மில் 32. அதனால் பழைய பின் றிம்மை நம்பி ஹப் வாங்கினால் பொருந்தாது. எண்ணிப் பாருங்கள். என்னுடைய விருப்பம், இரண்டு சக்கரத்துக்கும் 700சி அளவில் (ரோட்ஸ்டரின் 28 அங்குலத்தைவிடச் சற்றுச் சிறியது) பக்கம் தட்டையான அலுமினிய றிம் போடுவது. காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

4. பல்சக்கரத்தைப் பூட்டுவதற்கு முதலே முன் பிரேக்கைப் பூட்டுங்கள்

படங்களில் பிரேக் இல்லாத சைக்கிள்கள் அழகாகத் தெரியும். சைக்கிள் பந்தயத் தடத்தில் பிரேக் இல்லாமல் ஓடுகிறார்கள், ஏனென்றால் அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே மாடு வராது. நிலாவெளி வீதியில் வரும்.

வேகத்தைக் குறைக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் இலேசாகி வழுக்கும். எவ்வளவு பலமான காலாக இருந்தாலும் பின் சக்கரத்தால் மட்டும் நிறுத்த முன் பிரேக்கைவிட மிகக் கூடிய தூரம் வேண்டும். மேலும் செயின் கழன்று விழுந்தால் கால் பிரேக் அதோடு போய்விட்டது. முன் பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

ரோட்ஸ்டரின் கம்பிப் பிரேக்கை நம்பாதீர்கள். அது றிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது, மழையில் மிகவும் பலவீனம். கேபிள் பிரேக் போட வேண்டும். அதற்குப் பக்கம் தட்டையான றிம் வேண்டும், முன் கவையின் தலையில் பிரேக் போல்ட்டுக்குத் துளையும் வேண்டும். 28 அங்குலச் சக்கரத்துக்குச் செய்த கவையில் 700சி சக்கரம் போட்டால் றிம் 6 மி.மீ.க்கு மேல் கீழே போகும், ஆகவே கை நீளமான பிரேக் வாங்குங்கள். கட்டை முழுதாக றிம்மில் பட வேண்டும். ரயரில் உரசினால் ரயர் கிழியும்.

பிரேக் பிடியை, உங்கள் பழைய சைக்கிளில் முன் பிரேக் எந்தக் கைக்கு இருந்ததோ அந்தக் கைக்கே வையுங்கள். அவசரத்தில் கை யோசிக்காது.

5. பல் எண்ணிக்கை

எல்லோரும் பெரிய செயின்வீலும் சின்னப் பல்சக்கரமும் கேட்கிறார்கள், வேகம் வரும் என்று. புதியவருக்கு அது இரண்டு விதத்தில் கெடுதல். புறப்படும்போது முழங்காலை வருத்தும், நிறுத்தும்போது கால் பலம் போதாது. முன்னுக்கு மிதிக்க எவ்வளவு கடினமோ பின்னுக்கு அழுத்தவும் அவ்வளவு கடினம்.

முன்னே 44, பின்னே 18 என்பது நம் வீதிகளுக்கு நல்ல தொடக்கம். 700சி சக்கரத்தில் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 5.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. அளவில், 90 சுற்று மிதித்தால் 28 கி.மீ. அளவில் ஓடும். ஊருக்குள் இதற்கு மேல் தேவையில்லை. கச்சான் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் இந்த இலகுவான கணக்கு கைகொடுக்கும். கால் பழகிய பிறகு பின்னே 17க்கு மாறலாம்.

பின் சக்கரத்தைப் பூட்டி வழுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. முன், பின் பல் எண்களைச் சுருக்கிப் பாருங்கள். 48க்கு 16 என்றால் 3க்கு 1: ஒரே காலால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் ரயரின் அதே ஒரு இடம் தேயும். 44க்கு 18 என்றால் 22க்கு 9: தேய்மானம் ஒன்பது இடங்களில் பரவும். 44க்கு 17 என்றால் பதினேழு இடம். ரயர் விற்கிற விலையில் இது சின்ன விஷயமில்லை.

6. செயின் நேர்க்கோடு

முன் செயின்வீலும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சீற் குழாயின் நடுவிலிருந்து செயின்வீல் பல்லின் நடுவுக்கு அளக்கவும். பின்னே அச்சின் நடுப்புள்ளியிலிருந்து பல்சக்கரத்தின் பல்லுக்கு அளக்கவும். ஃபிக்ஸ்ட் ஹப்பில் இது வழக்கமாக 42 மி.மீ. இரண்டுக்கும் 1 அல்லது 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

குழாயின் நடுவை நேராக அளக்க முடியாது. குழாயின் மேற்பரப்பிலிருந்து அளந்து, அதன் விட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கோடு விலகினால் செயின் சத்தம் போடும், பல் ஒரு பக்கமாகத் தேயும், பிறகு ஒருநாள் கழன்று விழும். சாதாரண சைக்கிளில் செயின் விழுந்தால் இறங்கி மாட்டுகிறோம். இதில் விழுந்த செயின் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்குள் சிக்கி அதைப் பூட்டிவிடலாம்.

7. பல்சக்கரம், லொக் றிங், செயின்: பூட்டும் வரிசை

மரையைத் துடைத்து, கிறீஸ் பூசுங்கள். உப்புக்காற்றில் கிறீஸ் இல்லாமல் ஏற்றிய பல்சக்கரம் பிறகு கழலவே கழலாது. பல்சக்கரத்தைக் கையால் ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே கடினமாக இருந்தால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம், திருப்பி எடுத்து மீண்டும் தொடங்குங்கள். பிறகு செயின் துண்டுக் கைப்பிடியால் முழுப் பலத்தோடு இறுக்குங்கள். அதன் மேல் லொக் றிங்கை இடப்பக்கம் திருப்பி, கொக்கி ஸ்பானரால் இறுக்குங்கள்.

செயின் 1/2 அங்குல இடைவெளி, 1/8 அங்குல அகலம் உள்ளதாக இருக்கட்டும். கியர் சைக்கிளின் மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காராது. பழைய செயினைத்தான் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு பின்னின் நடுவிலிருந்து அதற்கு அடுத்த 24ஆவது பின்னின் நடுவரை நீளம் அளந்து பாருங்கள், சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்ற நேரமாகிவிட்டது.

சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, அச்சின் நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இப்போது பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலை மெல்லச் சுற்றிப் பாருங்கள். செயின்வீல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் செயின் இறுகும், இன்னொரு இடத்தில் தளரும். இறுகும் இடத்தில் செயினின் நடுவை அழுத்தினால் ஏறத்தாழ 1 செ.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். கிட்டார்க் கம்பிபோல இறுக்கி வைக்கிறார்கள் சிலர். அது ஹப்பின் போல்ஸையும் கிராங்கின் போல்ஸையும் தின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது செயினுக்குப் பக்கத்தில் விரலையோ துணியையோ கொண்டு போகாதீர்கள். பிரீவீல் இருந்தால் செயின் நின்றுவிடும். இதில் நிற்காது, சக்கரத்தின் வேகம் முழுவதும் விரலைப் பல்லுக்குள் இழுத்துத் துண்டித்துவிடும். எண்ணெய் விடுவதும் துடைப்பதும் சக்கரத்தைக் கையால் மெல்ல நகர்த்தி, நிறுத்திய பிறகுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு உள்ளே போகாதீர்கள்.

8. கொட்டர் பின்

பழைய கிராங்கைக் கொட்டர் பின்தான் பிடித்து வைத்திருக்கும். முன்னும் பின்னும் மாறி மாறி வரும் அழுத்தம் அதை விரைவில் தளர்த்தும். புதிய பின் போட்டு, அச்சின் வெட்டோடு முழுதாகப் பொருந்தும்வரை அரத்தால் தேய்த்து, அடித்து உட்காரவைத்த பிறகு நட்டை இறுக்குங்கள். நட்டால் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் மரை போய்விடும். மிதிக்கும்போது "டக்" என்ற சத்தம் வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

9. காலும் உடுப்பும்

சாரம், வேட்டி, பறக்கும் சோல், அகலமான காற்சட்டை எதுவும் இதில் ஆகாது. செயின் உடுப்பைப் பிடித்தால் நின்று எடுக்க அவகாசம் தராது. கோணேசர் கோயிலுக்கு வேட்டியோடு போகிறவர் வேறு சைக்கிளில் போகட்டும். சப்பாத்தின் நாடாவை உள்ளே செருகுங்கள். இரப்பர்ச் செருப்போடு ஓடவே கூடாது, வேகத்தில் கால் நழுவினால் பெடல் கணுக்காலில் அடிக்கும்.

பெடலில் கால்பட்டி தேவைதான், கால் பெடலோடு இருந்தால்தான் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க முடியும். ஆனால் முதல் நாட்களில் பட்டியை மிகத் தளர்வாக வையுங்கள். காலை எடுக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சரிகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

10. ஏறுவதும் இறங்குவதும்

நம்மவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். நாம் சைக்கிளில் ஏறும் விதம், இடக் காலைப் பெடலில் வைத்து, வலக் காலால் தரையைத் தள்ளிக் கெந்தி, உருளும்போது காலைத் தூக்கிப் போடுவது. ஃபிக்ஸ்ட் கியரில் சக்கரம் உருண்டதும் அந்த இடப் பெடல் காலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். ஆள் முன்னே எறியப்படுவார். இறங்கும்போதும் அப்படியே, ஓடும்போது ஒரு காலைச் சுழற்றிப் பின்னால் கொண்டுவந்து இறங்கும் பழக்கத்தை மறந்துவிடுங்கள்.

ஏறும் முறை: பாரை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து நில்லுங்கள். பின் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, வலப் பெடலை மேலே, சற்று முன்னே வரும்படி சுற்றுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வலக் காலை வையுங்கள். பிரேக்கை விட்டு, ஒரே அழுத்தில் புறப்பட்டு சீற்றில் உட்காருங்கள். இடப் பெடல் சுற்றி வரும், அதைப் பார்க்காமல் கால் கண்டுபிடிக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இறங்க: முழுதாக நின்ற பிறகுதான். முன் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, ஒரு பெடல் கீழே வரும் நேரத்தில் நின்று, மற்றக் காலை எடுத்துத் தரையில் ஊன்றுங்கள்.

11. பழகும் வரிசை

மக்கள் இல்லாத ஒரு மைதானமோ வெறும் தரையோ முதலில். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலை நிறுத்தாமல் இருப்பது. வளைவிலும், பின்னால் திரும்பிப் பார்க்கும்போதும், மேட்டில் ஏறி இறங்கும்போதும் நம் கால் தானாக நின்றுவிடும். நின்றால் பெடல் அதைத் தூக்கி உதைக்கும். இந்த உதை வருவது நிற்கும்வரை வீதிக்கு வராதீர்கள்.

அது சரியான பிறகு, காலால் வேகம் குறைக்கப் பழகுங்கள். பெடல் பின்பக்கமாக மேலே ஏறி வரும் நேரத்தில் அதன்மேல் எடையை வையுங்கள். எல்லா இடத்திலும் அழுத்தினால் களைப்புத்தான் மிச்சம். தரையில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டில் நிற்கப் பாருங்கள். முதலில் காலும் பிரேக்கும் சேர்த்து, பிறகு பிரேக் மட்டும், பிறகு கால் மட்டும். இந்த மூன்றிலும் எவ்வளவு தூரம் தேவைப்படுகிறது என்பதை உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும்.

பலமாகப் புறப்பட்ட சில தடவைகளுக்குப் பிறகு பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். அதனால் லொக் றிங்குக்குக் கீழே இடைவெளி வந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் லொக் றிங்கை மறுபடி இறுக்குங்கள். அநேகர் விட்டுவிடும் படி இது.

12. எந்த வீதிக்கு முதலில்

அதிகாலையில் உட்துறைமுக வீதி நல்ல தொடக்கம், சமதரை, வெளிச்சமும் பார்வையும் நன்றாக இருக்கும். அதன் பிறகு உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளிப் பக்கம். அங்கே ஏற்றம் குறைவு, ஆனால் ஓரத்தில் மணல் படிந்திருக்கும். மணலில் பின் சக்கரத்தைக் காலால் பூட்டினால் நேராகக் கீழேதான். மாலையில் மாடுகள் வீதியிலேயே நிற்கும், அவற்றுக்குப் பக்கத்தில் போகுமுன்னே வேகத்தைக் குறையுங்கள். சந்தைப் பக்கமும் பஸ் நிலையப் பக்கமும் நன்றாகப் பழகிய பிறகு.

வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கலாம். சாதாரண சைக்கிளில் அதை மேலே தூக்கி வைத்துக்கொள்வோம், இதில் முடியாது. அதனால் வளைவை மெதுவாக, அகலமாக எடுங்கள். கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 165 மி.மீ. ஆக இருந்தால் நல்லது. 28 அங்குலச் சக்கரத்திலிருந்து 700சிக்கு மாறியவர்களுக்குப் பிறேமே கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

இறக்கங்களைக் கடைசிக்கு வையுங்கள். உவர்மலையிலிருந்து இறங்கும்போது மணிக்கு 40 கி.மீ. வந்தால், 44க்கு 18 கணக்கில் கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 தடவை சுற்ற வேண்டும். புதியவரின் காலால் அது முடியாது. இறக்கத்தின் உச்சியிலேயே முன் பிரேக்கால் வேகத்தைப் பிடியுங்கள். பாதி வழியில் பிடிக்க நினைத்தால் கால் அதற்குள் பெடலை விட்டிருக்கும். அப்படி விட்டுவிட்டால் சுழலும் பெடலைத் தேடாதீர்கள். இரண்டு காலையும் அகட்டி விலக்கி, முன் பிரேக்கை மெல்லக் கூட்டிக் கூட்டி நிறுத்துங்கள்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் கோயிலுக்குப் போகும் பாதையில் ஏறலாம், திரும்பும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். மான்கள் எந்தப் பக்கமிருந்து குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது, கோயிலுக்கு வரும் வயதானவர்களும் பிள்ளைகளும் பாதை நிறைய இருப்பார்கள். ஆளை முன்னால் ஏற்றி டபிள்ஸ் போவதும் இந்தச் சைக்கிளில் வேண்டாம், நிறுத்த வேண்டிய எடை கூடுகிறது, கால் பலம் கூடுவதில்லை.

13. உப்புக்காற்றில் வைத்திருப்பது

கடலோரம் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள், அதிகமாக நிற்பதைத் துணியால் எடுங்கள். எண்ணெயில் மணல் ஒட்டினால் அது அரம்போல வேலை செய்யும். மாரி மழைக்கு முன் ஹப்பையும் கிராங்கையும் கழற்றிப் புதுக் கிறீஸ் போடுங்கள். பிரேக் கேபிளின் நுனியில் துரு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், உள்ளே இன்னும் மோசமாக இருக்கும்.

ஒவ்வொரு கிழமையும் நான்கைத் தொட்டுப் பாருங்கள்: அச்சு நட்டு, லொக் றிங், செயினின் தொய்வு, பிரேக் கட்டை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை அழுத்தி, முன்னே தள்ளுங்கள், பின் சக்கரம் மேலே எழும்ப வேண்டும். பிறகு பெடலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். செயினின் தொய்வுக்கு மேல் ஏதாவது ஆட்டமோ சத்தமோ இருந்தால் அது பல்சக்கரத்திலா கொட்டர் பின்னிலா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்தச் சைக்கிள் வாசலைத் தாண்டக்கூடாது.